பழைய யூஎஸ்பி கருவிகளும் புதிய இயங்குதளங்களும்

யூஎஸ்பி கருவி ஒன்று கணினியோடு இணைந்து இயங்க மூன்று பொருத்தங்கள் வேண்டும். மின்னிணைப்பு சரியாக இருக்க வேண்டும். கருவி தான் இன்னதென்று கணினிக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கருவியை நடத்தத் தெரிந்த டிரைவர் மென்பொருள் இயங்குதளத்தில் இருக்க வேண்டும். இயங்குதளம் மாறும்போது முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, மூன்றாவதுதான் அறுந்துபோகிறது. நேற்றுவரை உழைத்த ஸ்கேனரோ தராசோ இன்று அசையாமல் கிடந்தால், அதை உடைந்த பொருளாகக் கருதித் தூக்கிப் போடுமுன் இந்த மூன்றையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தின் பட்டுத் தொழிலில் இத்தகைய கருவிகள் ஏராளம். புடவையைக் கையால் நெய்தாலும், அதைச் சுற்றிய வேலைகளுக்குள் கணினி வந்து நெடுநாள் ஆகிறது. கிராப் தாளில் வரைந்த கரை, முந்தி, புட்டா வடிவங்களை ஸ்கேனர் வழியே கணினியில் ஏற்றி, வடிவமைப்பு மென்பொருளில் கட்டம் கட்டமாகத் திருத்தி, அதன்படி ஜக்கார்டு அட்டை அடிக்கிறார்கள். இத்தகைய மென்பொருள்கள் பல, ‘டாங்கிள்’ என்ற சிறு யூஎஸ்பி சாவியைச் செருகினால்தான் திறக்கும். நெசவாளருக்குப் பட்டு நூலும் ஜரிகையும் எடைபோட்டுத் தரப்படுகின்றன. நெய்து வரும் புடவையும் எடை பார்த்தே வாங்கப்படுகிறது. ஆகவே கணினியோடு இணைந்த தராசு தேவைப்படுகிறது. காந்தி சாலைக் கடைகளுக்குப் பார்கோடு ஸ்கேனரும் லேபிள் பிரிண்டரும் பில் பிரிண்டரும் வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உழைத்தும் தேயாத கருவிகள் இவற்றில் பல உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதால், கணினியைப் புதுப்பிக்கும் கட்டாயம் பல இடங்களில் வந்துவிட்டது. கணினி புதிதாகிறது, கருவி பழையதாகவே இருக்கிறது.

யூஎஸ்பி கருவி தன்னை அறிவிக்கும் முறை

யூஎஸ்பி தரநிலையின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதற்கு முன் பிரிண்டருக்கு ஒரு துளை, மவுசுக்கு ஒரு துளை, மோடத்துக்கு வேறொரு துளை என்று கணினியின் பின்புறம் பலவகை இணைப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே வகைத் துளைக்குள் கொண்டுவந்த இன்டெல் குழுவின் முன்னணிப் பொறியாளர் அஜய் பட், குஜராத்தைச் சேர்ந்தவர், பரோடாவில் படித்தவர். முதல் யூஎஸ்பியின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 அதை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. 2008இல் வந்த 3.0, 5 கிகாபிட்டை எட்டியது. ஒவ்வொரு புதுப் பதிப்பும் முந்தைய பதிப்பின் கருவிகளை ஏற்கும்படியே வகுக்கப்பட்டது. எனவே 1998இல் செய்த கருவியையும் இன்றைய கணினியில் செருகலாம். துளையின் வடிவம் மாறியிருந்தால் ஒரு அடாப்டர் போதும்.

கருவியைச் செருகியதும், அதன் தரவுக் கம்பி ஒன்றில் உள்ள 1.5 கிலோ ஓம் மின்தடை, புதிய கருவி வந்திருப்பதைக் கணினிக்குக் காட்டுகிறது. அந்தத் தடை எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதிலிருந்தே கருவி மெதுவான வகையா, வேகமான வகையா என்பது தெரிந்துவிடும். கணினி அதை மீட்டமைத்து, அதன் விவரத்தைக் கேட்கிறது. கருவி 18 பைட் நீளமுள்ள விவரக் குறிப்பைத் திருப்பி அனுப்புகிறது. தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், கருவியின் வகுப்பு ஆகியவை அதில் இருக்கும். எடுத்துக்காட்டாக 0403 என்பது எஃப்டிடிஐ நிறுவனத்தின் எண். 6001 என்பது சீரியல் இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் அதன் சில்லு ஒன்றின் எண். பின்னர் கணினி 1 முதல் 127 வரையிலான முகவரிகளில் ஒன்றைக் கருவிக்கு ஒதுக்குகிறது. இவ்வளவும் அந்தக் கருவிக்கான டிரைவர் எதுவும் இல்லாமலே நடந்து முடிந்துவிடும்.

அதன் பிறகுதான் இயங்குதளம் டிரைவரைத் தேடுகிறது. முதலில் நிறுவன எண்ணும் பொருள் எண்ணும் அப்படியே பொருந்தும் டிரைவரைப் பார்க்கும். அது கிடைக்காவிட்டால் வகுப்புக்குரிய பொது டிரைவரைப் பார்க்கும். கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், பெரும்பாலான பார்கோடு ஸ்கேனர்கள் எல்லாம் பொது வகுப்புகளில் அடங்கும். அதனால்தான் எவ்வளவு பழைய கீபோர்டும் எந்தப் புதிய கணினியிலும் உடனே இயங்குகிறது. பல ஸ்கேனர்கள், பழைய சீரியல் மாற்றிகள், சில டாங்கிள்கள் போன்றவை ‘நிறுவனத்தின் தனி வகை’ என்று தம்மை அறிவிக்கின்றன. இவற்றுக்குத் தயாரித்தவர் எழுதிய டிரைவரோ, அதற்கு ஈடாகப் பிறர் எழுதிய டிரைவரோ இல்லாமல் முடியாது.

டிரைவர் ஏன் பழசாகிறது

ஜக்கார்டு பெட்டியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்தப் பாவு இழையைத் தூக்க வேண்டும் என்பதை அட்டையின் ஓட்டைகள் பெட்டிக்குச் சொல்கின்றன. 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டை 480 கொக்கிப் பெட்டியில் ஏறாது. தறியிலும் குறையில்லை, பூவிலும் குறையில்லை. புதிய பெட்டிக்கு ஏற்ப அட்டையை மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இயங்குதளம் பெட்டி, டிரைவர் அட்டை, கருவி தறி. பெட்டி மாறியதும் அட்டை பயனற்றுப் போகிறது.

விண்டோஸ் உலகில் இந்த மாற்றம் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறியது. 32 பிட் விண்டோசுக்கு எழுதிய, கருவியை நேரடியாக நடத்தும் டிரைவர் 64 பிட் விண்டோசில் ஏறாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்கு அது கிடையாது. இரண்டாவது, கையொப்பக் கட்டுப்பாடு. 64 பிட் விஸ்டா முதல், டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவர்களை விண்டோஸ் மறுக்கிறது. 2016க்குப் பின் புதிதாக வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே வேண்டும். மூன்றாவது, ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு ஏற்பாடு. கையொப்பம் இருந்தாலும், பழைய முறையில் எழுதப்பட்ட சில டிரைவர்களை இது தடுத்துவிடும். இந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவையே. டிரைவர் கணினியின் உள்மையம்வரை செல்லும் மென்பொருள் என்பதால், தீய மென்பொருள் நுழைவதற்கும் அது வாசலாகும். ஆனால் விற்பனை நின்றுபோன பொருளுக்குப் புதிய டிரைவர் எழுத நிறுவனங்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை. நல்ல கருவி அநாதையாவது அங்கேதான்.

குறையைக் கண்டறிதல்

விண்டோசின் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் கருவியின் பெயரருகே மஞ்சள் முக்கோணம் இருந்தால், அதன் பண்புகளைத் திறந்து பிழை எண்ணைப் பார்க்க வேண்டும். 28 என்றால் டிரைவரே இல்லை. 52 என்றால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவியைத் தொடங்க முடியவில்லை. 43 என்று காட்டி, விவரக் குறிப்பைக் கேட்டும் பதில் வரவில்லை என்று சொன்னால் சந்தேகிக்க வேண்டியது கேபிள், துளை, மின்சாரம், கருவி ஆகியவற்றையே. செருகியும் எதுவுமே தோன்றாவிட்டாலும் அப்படியே. டிரைவரைத் தேடி அலையுமுன் கேபிளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தரும். துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனரை, தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் மற்றக் கருவிகளோடு சேர்த்துச் செருகினால் திணறும். 5 மீட்டருக்கு மேல் நீண்ட கேபிளும் தொல்லை தரும். யூஎஸ்பி 3.0 துளையில் தடுமாறும் சில பழைய கருவிகள், இடையில் ஒரு 2.0 ஹப்பை வைத்தால் ஒழுங்காக இயங்குவதுண்டு.

இணைப்பு சரியென்றால், ‘ஹார்டுவேர் ஐடி’ என்ற இடத்தில் உள்ள இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்ற கட்டளை அதே எண்களைக் காட்டும். பெட்டியின் மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளிருக்கும் சில்லு எது என்பதை இந்த எண்களே சொல்லும். டிரைவரைத் தேட வேண்டியதும் இவற்றைக் கொண்டுதான்.

கருவிக்கேற்ற வழிகள்

தராசு: மின்னணுத் தராசுகள் பல இன்னும் சீரியல் இணைப்பில்தான் பேசுகின்றன, ஒரு மாற்றிக் கேபிள் அதை யூஎஸ்பியாக்குகிறது. டிரைவர் தேவைப்படுவது தராசுக்கு இல்லை, அந்தக் கேபிளில் உள்ள சில்லுக்குத்தான். புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சில்லுகளில் பழைய சில வகைகளை அந்நிறுவனத்தின் புதிய டிரைவர்கள் ஏற்பதில்லை. எஃப்டிடிஐ அல்லது சிஹெச்340 சில்லு கொண்ட புதிய கேபிளை மாற்றினால் தராசு அப்படியே பயன்படும். இன்னொரு தடையும் உண்டு. பழைய கணக்கு மென்பொருள்கள் சில, காம் 1 முதல் காம் 4 வரையிலான இணைப்புகளை மட்டுமே அறியும். விண்டோஸ் காம் 9 என்று ஒதுக்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்த எண்ணைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

பிரிண்டர்: டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் பல எப்சனின் கட்டளை மொழியைப் புரிந்துகொள்பவை; எப்சனுக்கான பொது டிரைவரோ, எழுத்துகளை மட்டும் அனுப்பும் டிரைவரோ பில் அடிக்கப் போதும். பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொது மொழி அறிந்த லேசர் பிரிண்டர்களுக்கும் பொது டிரைவர் உண்டு. சிக்கல் வருவது கணினியை முழுவதும் நம்பியிருக்கும் மலிவு வகைகளில். எச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை மின்சாரம் பெறும்போதும் தன் உள்மென்பொருளையே கணினியிலிருந்து வாங்கிக்கொள்ளும். சரியான டிரைவர் இல்லாமல் அது வெறும் பெட்டிதான்.

ஸ்கேனர்: தயாரித்தவர் கைவிட்ட ஸ்கேனர்களுக்காகத் தன் சொந்த டிரைவர்களோடு வரும் வணிக மென்பொருள் விண்டோசுக்கு உண்டு, வியூஸ்கேன் அவற்றில் பெயர்பெற்றது. லினக்ஸில் ‘சேன்’ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. கேனான் லைடு 20, 25, 30 போன்ற பழைய மெல்லிய ஸ்கேனர்கள் அதில் இயங்குகின்றன.

டாங்கிள்: இதற்குப் பொது டிரைவர் உதவாது. ஆனால் டிரைவர் வேறு பெயரில் உயிரோடிருக்கக்கூடும். ஹாஸ்ப் டாங்கிளைச் செய்த அலாடின் நிறுவனம் சேஃப்நெட்டிடம் சென்றது. அது ஜெமால்டோவிடமும், ஜெமால்டோ 2019இல் தாலெஸிடமும் சென்றன. ஆகவே ஹாஸ்ப் வகைக்கான இன்றைய டிரைவரைத் தாலெஸின் சென்டினல் என்ற பெயரில் தேட வேண்டும். டாங்கிளுக்குள் இருப்பது உரிமம். அது தொலைந்தால் மென்பொருளும் போய்விடும்.

பென் டிரைவ்: மின்னணு ஜக்கார்டில் சிக்கல் தலைகீழாக வரும். அங்கே பழையது தறிமேல் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, புதியது பென் டிரைவ். பழைய பெட்டிகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் பதிந்த கோப்புகளையே படிக்கும். 64 ஜிபி, அதற்கும் மேற்பட்ட பென் டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. 8 அல்லது 16 ஜிபி அளவுள்ள ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, வடிவக் கோப்புகளுக்கென்றே ஒதுக்கி வைப்பது எளிய தீர்வு.

எந்த வழியும் இல்லாதபோது

விண்டோசில் டிரைவர் கிடைக்காத கருவிக்கு அடுத்த வழி லினக்ஸ். அதில் பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையத்தோடு சேர்ந்தே பராமரிக்கப்படுகின்றன. மூலநிரல் திறந்திருப்பதால், தயாரித்தவர் கைவிட்டாலும் ஆர்வலர்கள் காப்பாற்றி வருகிறார்கள். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதுமில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசோடு சேர்த்தே தரப்பட்டது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, அதை ஸ்கேனருக்கும் பிரிண்டருக்கும் மட்டும் ஒதுக்கி, கோப்புகளை உள் வலையமைப்பில் பகிரலாம்.

வடிவமைப்பு மென்பொருள் பழைய விண்டோசில் மட்டுமே ஓடுமென்றால், புதிய கணினிக்குள்ளேயே ‘வர்ச்சுவல் பாக்ஸ்’ போன்ற மென்பொருளால் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, அதில் பழைய விண்டோசை நிறுவி, யூஎஸ்பி கருவியை அதனிடம் ஒப்படைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் பழைய கணினியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை இணையத்தோடு இணைக்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளம் எளிதில் தாக்குதலுக்கு இரையாகும். கையொப்பச் சோதனையையோ மெமரி இன்டெக்ரிட்டியையோ நிரந்தரமாக அணைப்பது, கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் உள்ள கணினிக்கு ஆகாது. டிரைவரைத் தேடித் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத மென்பொருள்களையும் தவிர்க்க வேண்டும். தயாரித்தவரின் தளம், விண்டோஸ் அப்டேட், லினக்ஸ் தொகுப்புகள் ஆகியவையே நம்பத்தக்க இடங்கள்.

இயங்குதளத்தை மாற்றுமுன் செய்யக்கூடிய முன்னேற்பாடு சிறிது, பயன் பெரிது. இணைந்துள்ள ஒவ்வொரு கருவியின் பெயரையும், நிறுவன, பொருள் எண்களையும், தற்போதைய டிரைவரின் பதிப்பையும் எழுதி வைக்க வேண்டும். நிறுவும் கோப்புகளையும் உரிம விவரங்களையும் தனியே நகலெடுக்க வேண்டும். புதிய கணினியில் எல்லாக் கருவிகளும் இயங்குவதைப் பார்த்த பிறகே பழையதை விலக்க வேண்டும். எல்லா வழியும் அடைபட்டு, கருவியை விலக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதைக் குப்பையோடு சேர்க்காமல், 2022ஆம் ஆண்டு மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.