தங்கவயலின் பத்து மைல் இருப்புப்பாதை

நம் பெட்டகங்களில் காக்கப்படும் பழைய நகைகளில் கோலார் தங்கவயலின் பொன் சிறிதேனும் கலந்திருக்கக்கூடும். அப்பொன்னை நிலத்தின் அடியாழத்திலிருந்து வெட்டியெடுத்தோரில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைக் கையிலெடுத்தது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை பத்து மைல் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைந்தது. நிலக்கரியும் இயந்திரங்களும் அவ்வழியே வந்தன. ஜோலார்பேட்டை மார்க்கமாகத் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் இச்சுரங்கங்களை எட்டியது.

கொட்டடிகளில் ஒரு சமுதாயம்

துரைமாருக்குத் தோட்டத்துடன் கூடிய மாளிகைகள். தொழிலாளருக்கோ ஒற்றை அறை வரிசை வீடுகள். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அங்கு வெப்பமும் பாறை வெடிப்பும் உயிர்களைப் பறித்தன. கல்தூசி நுரையீரலை அரித்தது.

இத்துன்பங்களினூடே அவர்கள் கல்வியையும் தன்மதிப்பையும் வளர்த்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்ய முற்பட்ட ஆணையை எதிர்த்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், அவ்வாணை கைவிடப்பட்டது.

பொன் குறைந்தது, வண்டி நிற்கவில்லை

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் மூன்று கிராம் அளவுக்குச் சுருங்கியது. செலவு வரவை விஞ்சவே, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை ஏறத்தாழ 800 டன் பொன்னை நாட்டுக்கும் உலகுக்கும் ஈந்த ஊர், ஒரே நாளில் பிழைப்பின்றி நின்றது.

அந்நாளில் கைகொடுத்தது அவ்விருப்புப்பாதையே. இன்றும் விடியற்காலையில் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் மக்கள் திரள்கின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். சுரங்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று அலுவலகங்களிலும் கடைகளிலும் கட்டடப் பணிகளிலும் ஊதியம் ஈட்டுகின்றனர். ஊரைச் சூழ்ந்த சயனைடு மண்மேடுகளின் புழுதி மட்டும் காற்றடிக்கும் போதெல்லாம் வீடுகளில் படிகிறது.

பொன்னுக்கு நாம் விலை மதிப்பது கிராம் கணக்கில். அதை எடுத்துக் கொடுத்தோருக்கு எஞ்சியவை வரிசை வீடுகளும் ஒரு ரயில்பாதையும்தாம். அவ்வூர் அந்தப் பாதையைக் கொண்டே மீண்டும் வாழ்வைத் தொடங்கியது என்பதை, நகையைக் கையில் எடுக்கும் போதேனும் நாம் நினைத்துப் பார்ப்போம்.