தறி வேலையும் உடலியக்கமும்: ஆரணி நெசவாளர் குடும்பங்களுக்கான விளக்கம்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி நகரமும், அதனைச் சூழ்ந்த ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களும் பட்டு நெசவால் பெயர் பெற்றவை. இங்கு தறி பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. உறங்கும் இடத்திற்கும் உழைக்கும் இடத்திற்கும் இடையே உள்ள தொலைவு சில அடிகளே. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள நெசவாளரிடம் "நாள்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று மருத்துவர் கூறும்போது, "நாள் முழுவதும் கையும் காலும் ஆடிக்கொண்டுதானே இருக்கின்றன, இதற்குமேல் என்ன பயிற்சி?" என்ற கேள்வி எழுகிறது. இது நியாயமான கேள்வி. அதற்கான விடையையும், பாதுகாப்பாகத் தொடங்கும் முறையையும் இப்பக்கம் விளக்குகிறது.

தறி வேலை உடற்பயிற்சிக்கு ஈடாகுமா?

முழுமையாக ஈடாகாது. தறியில் கால்கள் மிதியை அழுத்துகின்றன, கைகள் நாடாவை ஓட்டுகின்றன. ஆயினும் உடலின் எடையைப் பலகையே தாங்குகிறது. தொடை, இடுப்பு ஆகிய பெரிய தசைகள் உடலைச் சுமந்து நகர்த்துவதில்லை. பெரும்பாலோருக்கு மூச்சும் நாடித்துடிப்பும் விரைவு நடையின் அளவுக்கு உயர்வதில்லை. அதே வேளையில் கழுத்தும் முதுகும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் குனிந்திருக்கின்றன. மாலையில் உண்டாகும் களைப்பு உண்மையானதே. ஆனால் களைப்பு வேறு, இதயத்திற்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் பயிற்சி வேறு.

வேலையின் தன்மை இதய நலத்தோடு தொடர்புடையது என்பதை 1953-இல் ஜெரமி மோரிஸ் என்னும் ஆய்வாளரின் குழு இலண்டன் பேருந்துத் தொழிலாளர்களிடம் கண்டது. நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்துகளின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. இருவரும் ஒரே நிறுவனத்தில் உழைத்தவர்கள். ஒருவர் அமர்ந்து உழைத்தார், மற்றவர் நடந்து உழைத்தார்.

உடலியக்கம் எவ்வாறு உதவுகிறது?

- இரத்தச் சர்க்கரை: தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் துணை குறைவாக இருந்தாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது உள்ளிழுத்துக்கொள்கிறது. இப்பயன் ஓரிரு நாட்கள் வரையே நீடிக்கும். எனவே தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடலாகாது.
- இரத்த அழுத்தம்: உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முறையாக நடைப்பயிற்சி செய்தால், மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளிகள் வரை குறைகிறது. இது மருந்துக்குத் துணையே தவிர மாற்று அன்று.
- மூட்டும் முதுகும்: வலுப்பெற்ற தொடை, வயிறு, முதுகுத் தசைகள் மூட்டுகளின் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். உணவு மாற்றமும் நாள்தோறும் விரைவு நடையும் அறிவுறுத்தப்பட்ட பிரிவினரிடம், மூன்றாண்டுகளில் நீரிழிவு உண்டாகும் வாய்ப்பு ஒப்பீட்டுப் பிரிவினரைவிட 28.5 விழுக்காடு குறைந்தது.

எவ்வளவு தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி:

- 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உடலியக்கம் தேவை.
- வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை.
- 65 வயதைக் கடந்தோர், தடுக்கி விழாமல் இருக்க, வாரத்தில் மூன்று நாட்கள் சமநிலைப் பயிற்சியும் செய்தல் வேண்டும்.

நடக்கும்போது உடன் வருபவரோடு பேச முடிந்து, பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் அது மிதமான இயக்கம். தறியில் இருக்கும்போதும் இதே சோதனையைச் செய்து பார்த்து, வேறுபாட்டை நீங்களே அறியலாம்.

ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்னர் கூறப்பட்டது. 2020 வழிகாட்டுதல் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும்.

தறி நாளுக்குள் பொருத்துவது எப்படி?

நெசவாளரின் கூலி சேலைக் கணக்கில் அமைகிறது. தறியை விட்டு எழுந்தால் வருமானம் குறையும் என்ற கவலை பொருளற்றதன்று. ஆகவே நெசவில் இயல்பாகவே வரும் இடைவெளிகளைப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.

- தார் மாற்றும்போதும் அறுந்த இழையை இணைத்த பின்னரும் எழுந்து நின்று, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி, முதுகை நிமிர்த்துங்கள். ஒரு நிமிடம் போதும்.
- மணிக்கு ஒருமுறை தெருமுனை வரை சென்று திரும்புங்கள். உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வைக் குறைக்கும்.
- வெயில் ஏறுமுன் காலையில் நடப்பது நன்று. சாலையோரம் நடப்பின், எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி வலப்பக்கமாக நடக்கவும்.
- வலுவூட்டும் பயிற்சிக்குக் கருவி தேவையில்லை. நாற்காலியில் கைபிடிக்காமல் பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி இறக்குதல் ஆகியவற்றோடு தொடங்கலாம்.

முதல் வாரத்தில் நாளொன்றுக்கு பத்து நிமிடம் நடக்கவும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டினால், ஐந்தாம் வாரத்தில் முப்பது நிமிடத்தை எட்டலாம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

- இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கலாகாது. சர்க்கரை அளவு 100-க்குக் கீழ் இருந்தால் சிறிது உண்ட பின் தொடங்கவும். சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தவும்.
- அளவு 250-க்கு மேல் இருந்து உடல்நலமும் குன்றியிருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரை அணுகவும்.
- நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரின் இசைவின்றிப் பளு தூக்கக் கூடாது.
- பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. வீட்டிற்கு வந்ததும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்கவும்.

கடைசிக் குறிப்பு நம் மாவட்டத்தில் தனிக் கவனம் பெற வேண்டியது. பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்வோர் பலர். பாத உணர்ச்சி குன்றியவர்களுக்குக் கல் குத்துவதும் சூடான தரை சுடுவதும் தெரிவதில்லை. சிறு கொப்புளமும் ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லலாம். இவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து, காலுக்குப் பாதுகாப்புச் செய்துகொள்வது அவசியம். மேலும், மாதம் ஒருமுறை நெடுந்தூரம் நடப்பது நாள்தோறும் நடப்பதற்கு ஈடாகாது. பழக்கமில்லாத உடலுக்கு அது திடீர்ச் சுமையுமாகும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கோணுதல், கை கால் திடீரெனச் சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அமர்ந்து 108 எண்ணை அழைக்கவும். "சிறிது ஓய்வெடுத்தால் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாதோர் ஆண்களைவிடப் பெண்களிடையே அதிகம். 2019-20-ஆம் ஆண்டு கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் 35 இலட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பெண்கள். தறியோடு சமையலும் குழந்தைகளும் முதியோரும் இவர்கள் பொறுப்பிலேயே இருப்பதால், "நடந்து வா" என்று சொல்வது மட்டும் போதாது. அந்த அரைமணி நேர வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளும்போதே அவரால் வெளியே செல்ல இயலும்.

- நோயாளியைத் தனியே அனுப்பாமல் முதல் சில வாரங்கள் உடன் நடக்கவும்.
- முதியவர் சமநிலைப் பயிற்சி செய்யும்போது கைக்கெட்டும் தூரத்தில் நிற்கவும்.
- பக்கவாதத்திற்குப் பின் எந்தப் பயிற்சியையும் இயன்முறை மருத்துவர் காட்டியவாறே செய்விக்கவும்.

தெருவும் ஊரும் சேரும்போது

உடலியக்கம் தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் பொறுத்ததன்று. நடக்க இடம் வேண்டும், துணை வேண்டும். சென்னை திருமங்கலத்தின் ஆசியாட் குடியிருப்பில் நீரிழிவு குறித்த ஆய்வும் விழிப்புணர்வும் நடந்தபின், அங்குள்ளோர் தாமே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோரின் பங்கு 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தது. நெசவுத் தெருவிலும் நான்கைந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் நடக்க முடிவு செய்தால் இத்தகைய மாற்றம் தொடங்கும்.

தமிழ்நாடு அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் 2023 நவம்பரில் தொடங்கப்பட்டு, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியுள்ளது. விளையாட்டில் விருப்பமுள்ளோர் கைப்பந்து, இறகுப்பந்து, சிலம்பம் ஆகியவற்றை எந்த வயதிலும் மெல்லத் தொடங்கலாம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவுகள் உள்ளன.

உதவி பெற

பயிற்சியைத் தொடங்குமுன் ஆரணி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் இயன்முறை மருத்துவச் சேவை குறித்துக் கேட்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

எழுந்து நடக்கும் பத்து நிமிடம் அன்றைய நெசவைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். ஆனால் பக்கவாதமோ கால் புண்ணோ வந்தால் தறி மாதக்கணக்கில் நின்றுவிடும். நோய் உள்ளவர் இன்று உணவுக்குப் பின் தெருமுனை வரை நடந்து திரும்புவதே போதுமான தொடக்கமாகும்.