லென்ஸ் உறை சிதைந்தாலும் பார்வை பெறலாம்: செயற்கை லென்ஸைப் பொருத்தும் மாற்று முறைகள் என்னென்ன?

புது டெல்லி: “புரையை அகற்றிவிட்டோம், ஆனால், இப்போது லென்ஸ் பொருத்த இயலவில்லை.” கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் இவ்வாறு கூறினால், பார்வையே பறிபோய்விட்டதாக நோயாளியின் குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பு. ஆனால், பெரும்பாலான நேர்வுகளில் இது முடிவன்று. லென்ஸைத் தாங்கும் இயற்கையான உறை இல்லாத கண்ணிலும் அதைப் பொருத்தப் பல வழிகள் உள்ளன.

இந்தியாவில் 50 வயதைக் கடந்தோரிடையே 2015-19 காலகட்டத்தில் நடத்தப்பட்ட தேசிய பார்வையிழப்பு ஆய்வில், பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாகக் கண்புரையே (66.2 சதவீதம்) கண்டறியப்பட்டது. கண்புரை அறுவை சிகிச்சையால் ஏற்படும் சிக்கல்களின் பங்கு 7.2 சதவீதம். எனவே, சிக்கல் நேர்ந்த கண்ணுக்கு அடுத்து என்ன செய்வது என்பது முக்கியமான கேள்வியாகும்.

உறை ஏன் முக்கியம்?

கண்ணின் இயற்கை லென்ஸ், மெல்லிய உறை ஒன்றினுள் அமைந்துள்ளது. அந்த உறையை நுண்ணிய இழைகள் சுற்றிலும் தாங்கிப் பிடிக்கின்றன. வழக்கமான அறுவை சிகிச்சையில் புரை படிந்த லென்ஸ் மட்டுமே அகற்றப்பட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்ஸ் வைக்கப்படுகிறது.

அறுவை சிகிச்சையின்போது உறை பெரிதாகக் கிழிந்தாலோ, கண்ணில் பலத்த அடிபட்டாலோ, மார்பான் நோய்க்குறி போன்ற பிறவிக் குறைபாடுகளால் இழைகள் தளர்ந்தாலோ அந்தத் தாங்குதல் இல்லாமல் போகிறது. சிலருக்கு, நன்றாகப் பொருத்தப்பட்ட லென்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் உறையுடன் சேர்ந்தே நழுவுவதும் உண்டு.

உறையின் முன்பகுதி போதிய அளவு எஞ்சியிருந்தால், அதன் மீதே லென்ஸை வைத்துவிடலாம். அதுவும் இயலாதபோதுதான் பின்வரும் முறைகள் தேவைப்படுகின்றன.

கண்ணின் முன்னறை லென்ஸ்

கருவிழிக்கும், கண்ணின் நிறத்துக்குக் காரணமான ஐரிஸ் படலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் லென்ஸை வைப்பது ஒரு முறை. இதை விரைவாகச் செய்து முடிக்கலாம். எனினும், பழைய வகை முன்னறை லென்ஸ்கள் கருவிழியைப் பாதித்தன. இன்றைய வடிவங்கள் மேம்பட்டவை என்றாலும், கருவிழியின் உட்புறச் செல்கள் குறைந்தவர்களுக்கும் கண்நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் பொதுவாக இவை பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஐரிஸைப் பற்றும் லென்ஸ்

நண்டின் கொடுக்கைப் போன்ற இரு பிடிகளால் ஐரிஸ் படலத்தைக் கவ்விக்கொள்ளும் லென்ஸை நெதர்லாந்து மருத்துவர் யான் வொர்ஸ்ட் உருவாக்கினார். தற்போது இதனை ஐரிஸின் பின்புறத்திலும் பொருத்துகின்றனர். இதற்கு ஐரிஸ் சேதமின்றி இருக்க வேண்டும். மடிக்க இயலாத லென்ஸ் என்பதால் கீறலும் சற்றுப் பெரிதாக இருக்கும்.

வெண்விழியில் தையல்

கண்ணின் உறுதியான வெளிச்சுவரான வெண்விழியில் லென்ஸைத் தைத்து நிறுத்துவது நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. மிக மெல்லிய பாலிபுரோப்பிலீன் நூல் பல ஆண்டுகளுக்குப் பின் நைந்து அறுந்து, லென்ஸ் சரிந்த நேர்வுகள் பதிவானதால், தற்போது தடிமனான அல்லது வேறு வகை நூல்கள் பயன்படுத்தப்படுகின்றன.

தையல் இல்லா முறைகள்

இத்துறையில் இந்தியாவின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. சென்னையைச் சேர்ந்த கண் மருத்துவர் அமர் அகர்வால், 2007-ஆம் ஆண்டில் பசை கொண்டு லென்ஸைப் பொருத்தும் முறையை மேற்கொண்டார். வெண்விழியில் எதிரெதிராக இரு மெல்லிய மடிப்புகள் உருவாக்கப்படுகின்றன. லென்ஸின் இரு கைகளும் அவற்றின் கீழே வெளியே எடுக்கப்பட்டு, வெண்விழியிலுள்ள சிறு சுரங்கங்களில் செருகப்படுகின்றன. பின்னர், ரத்தத்தின் புரதங்களிலிருந்து தயாரிக்கப்படும் ஃபைப்ரின் பசையால் மடிப்புகள் ஒட்டப்படுகின்றன. லென்ஸைத் தாங்குவது சுரங்கங்களே. மடிப்புகளை மூடுவதே பசையின் பணி.

ஜப்பான் மருத்துவர் ஷின் யமானே 2017-இல் வெளியிட்ட முறையில் பசையும் தேவையில்லை. மிக மெல்லிய இரு ஊசிகளின் வழியே லென்ஸின் கைகள் வெளியே இழுக்கப்பட்டு, அவற்றின் நுனிகள் வெப்பத்தால் குமிழ்போல் ஆக்கப்பட்டு, வெண்விழிக்குள் புதைக்கப்படுகின்றன. ஊசி நுழையும் இடமும் கோணமும் சிறிது பிசகினாலும் லென்ஸ் சாய்ந்துவிடும் என்பதால், தேர்ந்த பயிற்சி அவசியம்.

எது சிறந்தது?

அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமி 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு, எந்த ஒரு முறையும் மற்றவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றே கூறுகிறது. கருவிழி, ஐரிஸ், விழித்திரை ஆகியவற்றின் நிலை, நோயாளியின் வயது, மருத்துவரின் அனுபவம் ஆகியவையே தேர்வைத் தீர்மானிக்கின்றன. புதிய முறை என்பதாலேயே அது அனைவருக்கும் பொருந்திவிடாது.

சில நேரங்களில் வீக்கம் தணியும்வரை காத்திருந்து, இரண்டாவது அறுவை சிகிச்சையில் லென்ஸ் பொருத்தப்படும். அதுவரை தடித்த கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ உதவும். ஆனால், ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் இல்லாதோருக்குத் தடித்த கண்ணாடியால் இரு கண்களின் உருவ அளவு வேறுபட்டு, இரட்டைப் பார்வை ஏற்படக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

எந்த முறையிலும் ரத்தக்கசிவு, கண் அழுத்த உயர்வு, விழித்திரை வீக்கம், விழித்திரை விலகல், தொற்று ஆகிய அபாயங்கள் உண்டு. லென்ஸ் பொருத்தப்பட்ட பின் திடீர் பார்வை மங்கல், கடும் வலி, கண் சிவத்தல், ஒளிக்கீற்றுகள், மிதக்கும் கரும்புள்ளிகள், திரை விழுந்தது போன்ற தோற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

லென்ஸ் பொருத்த இயலவில்லை எனக் கூறப்பட்டவர்கள், அறுவை சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. உறையின் எந்தப் பகுதி எஞ்சியுள்ளது, விழித்திரை நலமாக உள்ளதா என்னும் விவரங்கள் அடுத்து சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.