பட்டி பார்த்த பளபளப்பு

வெயிலில் கிடந்த ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பானெட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் காரின் நிறம் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். அது அழுக்கு அல்ல, பெயிண்டேதான். பெயிண்டுக்கு நிறம் தருவது நிறமித் தூள். அந்தத் தூளைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது பிசின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினை ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே வருகின்றன. பிடி விட்டுப்போன தூள் மேலே தங்கிவிட, கார் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறிப்போகிறது.

இதைப் பார்த்ததும் பெயிண்டரிடம் ஓட வேண்டியதில்லை. செத்துப்போனது மேலே உள்ள சில மைக்ரான்கள் மட்டுமாக இருக்கலாம். அதை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால், அடியில் பழைய பெயிண்ட் நல்ல நிலையில் எழுந்து வரும். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தமும் கையில் இருக்கட்டும். கதவின் கீழ்ப்பகுதி, சக்கரத்தின் மேல்வளைவு என்று நகர்த்திக்கொண்டே வந்தால், பட்டி தடித்துக் கிடக்கும் இடத்தில் காந்தம் பிடிப்பின்றி நழுவும். முன்பு யாரோ துருவை மூடி மறைத்த இடம் அது. காந்தம் எங்கும் நன்றாகப் பிடித்து, பெயிண்டும் உரியாமல் இருந்தால், முழுக் காரையும் சுரண்டி மறுபடி அடிப்பது வீண் செலவு என்பதோடு, தொழிற்சாலைப் பூச்சை அழிக்கிற வேலையும்கூட.

இங்கே ஹெரால்டைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவி, 1961 முதல் சென்னையில் தயாரான கார் இது. மூல வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டியுடையது. சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியும் பல துண்டுகளாகப் போல்ட்டில் இணைவது. பானெட்டும் இரு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எனவே பெயிண்டர் துண்டுகளைக் கழற்றி ஓரங்களுக்குள்ளும் ஸ்பிரே கன்னைக் காட்டலாம். கழற்றாமல் மேலோட்டமாக அடித்தால் துரு அந்த இணைப்புகளில்தான் முதலில் தலைகாட்டும்.

கார் பெயிண்டின் வரலாறு அவசரத்தின் வரலாறு. ஆரம்பத்தில் குதிரை வண்டிக்கு வார்னிஷ் பூசியவர்களே காருக்கும் பிரஷ்ஷால் பூசினார்கள். கோட்டிங் மேல் கோட்டிங் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றது. 1924ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லாண்டு கார்கள், டூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ பெயிண்டோடு நீல நிறத்தில் வந்தபோது நிலைமை மாறியது. நைட்ரோ செல்லுலோஸில் செய்த அந்தப் பெயிண்ட், வாரங்களை மணிகளாகக் குறைத்துவிட்டது.

நம் ஊர் ஷெட்டுகளைப் பல காலம் ஆண்ட ‘என்.சி.’ பெயிண்டும் அந்த வகைதான். தின்னர் ஆவியாகிப் போனால் அது காய்ந்துவிடும். வேறு ரசாயன மாற்றம் எதுவும் இல்லை. பல வருடம் கழித்துத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தாலும் கரைந்து வரும். உங்கள் காரில் இருப்பது என்.சி.யா என்று அறிய, கண்ணில் படாத ஒரு மூலையில் இப்படித் துடைத்துப் பார்த்தாலே போதும். அடுத்த கோட்டிங் முந்தியதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவதால் ஒட்டுப்போடுவது சுலபம். ஆனால் கன்னிலிருந்து வரும்போது மங்கலாகவே இருக்கும். தேய்த்தால்தான் மினுங்கும்.

தேய்ப்பது அப்புறம். பெயிண்ட் வேலையில் பெரும்பங்கு பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டிங்கரிங் முடிந்து, ஹார்டனர் கலந்த பட்டியை இழுத்து, அது இறுகியதும் 80ஆம் நம்பர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்க்கிறார்கள். வெறும் கையால் தேய்த்தால் விரலின் அழுத்தம் பள்ளமாகப் பதியும். பட்டியின் மேல் சர்ஃபேசர். அது காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவுவார்கள். முதன்முதல் பார்ப்பவருக்கு வேலையைக் கெடுக்கிறாரே என்று தோன்றும். பிறகு 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைக் கட்டையோடு நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கும்போது விஷயம் புரியும்: மேட்டில் இருந்த கறுப்பு முதலில் போய்விடும், பள்ளத்தில் உள்ளது அப்படியே நிற்கும். கறுப்பு நிற்கிற இடத்துக்கு மறுபடி சர்ஃபேசர், மறுபடி கறுப்பு, மறுபடி கட்டை. நடுவே கதவின் மேல் தண்ணீரை ஊற்றி, ஈரம் பளபளக்கும் அந்தச் சில நொடிகளில், எதிரே உள்ள டியூப் லைட்டின் பிம்பம் நேராக ஓடுகிறதா நெளிகிறதா என்று சாய்ந்து பார்ப்பார் பெயிண்டர். கண் எப்போதும் பிம்பத்தின் நெளிவைத்தான் பிடிக்கும். இதில் கறுப்புக் காருக்குக் கருணையே கிடையாது. வெள்ளை பலதை மன்னித்துவிடும்.

கன்னைப் பிடிக்கும் கட்டம் பார்க்கத்தான் ஆர்ப்பாட்டம். தூசு அடங்கத் தரையை நனைத்துவிட்டு அடித்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் என்.சி. பழிவாங்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து பெயிண்ட் பால்போல் வெளுக்கும். நிதானமாக ஆவியாகும் தின்னரைக் கலப்பது அதற்கு மருந்து. பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் பெயிண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, அதிக நாள் உழைக்கவும் செய்யும். ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பி.யூ. அடிக்கும் ஷெட்டில் காரை விடாதீர்கள். வெளியிலிருந்து குழாய்வழி நல்ல காற்று வரும் மாஸ்க் வேண்டும்.

பாலிஷ் என்றதும் எதையோ பூசுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது எடுப்பது. காய்ந்த பெயிண்டின் சொரசொரப்பை 1500, 2000 நம்பர் பேப்பரால் தண்ணீர் விட்டுச் சமன் செய்து, அந்தப் பேப்பர் போட்ட கீறலைக் காம்பவுண்டால் எடுத்து, காம்பவுண்டின் கீறலை இன்னும் நுண்ணிய பாலிஷால் எடுக்கிறார்கள். காம்பவுண்டில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற தூள். இன்றைய கார்களின் மேலிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சே 40, 50 மைக்ரான்தான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஒவ்வொரு பாலிஷும் அதில் சில மைக்ரானைத் தின்னும். பாடியின் விளிம்புகளில் பெயிண்ட் இன்னும் மெலிந்திருக்கும். பஃபிங் மெஷின் அங்கே ஒரு நொடி கூடுதலாக நின்றால் அடியில் உள்ள பிரைமர் எட்டிப்பார்க்கும். விவரம் தெரிந்தவர் விளிம்புகளில் முதலில் டேப் ஒட்டிவிடுவார்.

இரவில் விளக்கடியில் நிற்கும் காரில் வட்ட வட்டமாகக் கீறல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் உள்ளவை மட்டும் மின்ன, அவை விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டமாக அமைகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். வேக்ஸ் இந்தக் கீறல்களைச் சற்று நிரப்பி மறைக்கும், அவ்வளவே. பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து வரும் கார்னுபா வேக்ஸுக்கும் இதே கதைதான். அதன் வேலை பாதுகாப்பது.

அறுபதுகளின் காருக்குக் கிளியர் கோட் போட்ட ஆழ்ந்த பளபளப்பு ஒட்டுவதில்லை, கையால் தேய்த்த என்.சி.யின் மினுக்கமே பொருந்தும் என்பது என் கட்சி. அதற்கு விலையும் உண்டு. தின்னர் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருப்பதால் பெயிண்ட் சுருங்கி, பட்டியின் ஓரம் கோடாகத் தெரியக்கூடும். ஓரிரு மாதம் பொறுத்து இன்னொரு முறை தேய்க்க வேண்டிவரும். அதுவரை வேக்ஸ் போடக் கூடாது. பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுவதும் ஆகாது, உள்ளே தங்கும் ஈரம் பெயிண்டைக் கொப்புளமாக்கிவிடும். துணி உறை போடுவதானாலும் காரைக் கழுவிவிட்டுப் போடுங்கள். தூசோடு போர்த்தினால், காற்றில் உறை அசையும்போதெல்லாம் அதுவே வாட்டர் பேப்பர் போட்டுக்கொண்டிருக்கும்.