பொறிமாற்றமும் முதிய தொழிலாளர் திறனும்

தொழிலிடத்திற் புதுப்பொறி புகும்போது முதிய தொழிலாளி இழப்பது யாது? வேலையும் ஊதியமும் என்பர் பலர். அவ்விரண்டும் காக்கப்பட்டவிடத்தும் பிறிதோரிழப்பு நேர்தலை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் அச்சுக்கோப்போர் வரலாற்றிற் காணலாம்.

மேர்கந்தாலர் என்பார் ஆக்கிய லைனோரைப் பொறி 1886 ஆம் ஆண்டில் நியூயோர்க் ற்றிபியூன் பத்திரிகையில் வழக்கிற்கு வந்தது. அதன் சாவிகள் 90. தட்டச்சுப் பொறியிற் போலன்றி, ஆங்கிலத்தில் எவ்வெழுத்து மிகுதியும் பயில்கின்றதோ அம்முறையே சாவிகள் நிரைப்படுத்தப்பட்டிருந்தன. பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் சாவிகள் வெவ்வேறு. சாவியை அழுத்தப் பித்தளை அச்சுருக்கள் இறங்கி வரியாய் நிற்கும். உருகிய ஈயக்கலவை அவற்றிற் பாய்ந்து அவ்வரி முழுவதையும் ஒரே துண்டாய் வார்க்கும். ஈயத்தில் எழுத்து இடவலம் மாறித் தோன்றுமாதலின், அதனைத் தலைகீழாக வைத்து விரைந்து வாசிக்கும் பயிற்சியும் வேண்டப்பட்டது. இது நூலிற் கற்கும் கல்வியன்று. விரலும் கண்ணும் ஆண்டுக்கணக்கிற் பழகிப் பெறுவது.

1974 இல் அச்சுத்தொழிலாளர் சங்கத்தோடு செய்த உடன்படிக்கை, தானியங்குமுறைக்கு இடமளித்து, நிலையான அச்சுக்கோப்போர்க்கு வாழ்நாள் வேலையுறுதி வழங்கிற்று. 1978 யூலையில் ஈயவச்சு நின்றது. கணிப்பொறிவழி ஒளியச்சுக்கோப்பு அதனிடத்தைக் கொண்டது. உறுதி பொய்க்கவில்லை. ஆயின், லைனோரைப்பிற் பழகிய விரல்கள் தட்டச்சுச் சாவிகளை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. தலைகீழ் வாசிப்பு பயனற்றதாயிற்று. ஈயப்பக்கம் கோத்தவர் கத்திகொண்டு தாளை வெட்டி ஒட்டலாயினர்.

முதியோர் கற்கமாட்டார் என்பது இதனாற் பெறப்படாது, அவர்கள் கற்றனர். கற்றபின்னும், நேற்று வந்த இளைஞரோடு ஒரே படியில் நிற்க நேர்ந்ததே அவர்க்கு வருத்தமாயிற்று. இலண்டன் அச்சுக்கோப்போரை ஆராய்ந்து சிந்தியா கொபேண் 1983 இல் வெளியிட்ட நூலும், தட்டச்சையும் ஒட்டுவேலையையும் தம் தகுதிக்குக் குறைந்தனவாக அவர்கள் எண்ணியமையைக் காட்டுகின்றது.

எனினும் எல்லாத் திறனும் பொறியோடு ஒழியவில்லை. சொல்லை எவ்விடத்து முறிப்பது, தலைப்பைச் சூழ எவ்வளவு வெளி விடுவது, பிழையை ஒரே நோக்கிற் பிடிப்பது ஆகிய தேர்ச்சிகள் ஈயத்தைச் சார்ந்தவையல்ல. ஒட்டுமேசையிலும் அவை பயன்பட்டன. பின்னர் நிருபர்களே தம் செய்திகளைக் கணிப்பொறியிற் பொறித்தமையால் எழுத்துக்கோப்பு அவர்களை விட்டு நீங்கிற்று. பக்கத்தைத் திரையிலேயே ஆக்கும் முறை வந்தபோது ஒட்டுமேசையும் போயிற்று.