கெட்ட அடி சிறுக்கட்டும்

ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள். இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் ஈப்போவில் என்னைப் பார்த்தால் கேட்பது இதைத்தான்: கோல்ஃப் ஆடத் தொடங்கலாமா, தொடங்கினால் எப்படித் தேறுவது? நான் பயிற்றுநர் இல்லை. வார இறுதியில் ஆடுகிற சாதாரண ஆட்டக்காரன். இந்த ஆட்டம் எனக்குக் கொடுத்த சந்தோஷம் நம்மவர்களில் இன்னும் பலருக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் பேசுகிறேன்.

கேட்பவர்களில் பாதிப் பேர் ஒரு தயக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: "இது துரைமார் ஆட்டமாச்சே!" தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. துரை ஆடினார், நம் பையன்கள் பை தூக்கினார்கள். ஆனால் அந்தப் பந்தின் கதையைப் பாருங்கள். ஆதியில் தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்த பந்து இருந்தது. விலை அதிகம், மழையில் நனைந்தால் கெட்டுவிடும். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா மரப்பாலில் செய்த பந்து வந்தபிறகுதான் ஸ்காட்லாந்தில் கையில் காசில்லாதவனும் ஆட முடிந்தது. அந்த மரம் மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளர்வது. 1898இல் அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கல் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தார். 1902இல் சாண்டி ஹெர்ட் அந்த வகைப் பந்தால் பிரிட்டிஷ் ஓபனை வென்றதும் பழைய பந்து ஒழிந்தது.

ரப்பருக்கு வந்தால் கதை நம் மாநிலத்துக்கே வந்துவிடுகிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. 1934 பிரிட்டிஷ் ஓபனில் ஹென்றி காட்டன் ஒரு சுற்றை 65 அடியில் முடித்தார். அதன் நினைவாக டன்லப் கம்பெனி தன் பந்துக்கு 'டன்லப் 65' என்று பெயர் வைத்தது. அதே கம்பெனிக்கு மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. இன்றைய பந்தின் உள்ளே இருப்பது செயற்கை ரப்பர். ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டுகள் உலகம் அடித்து விளையாடிய பந்துக்குப் பால் கொடுத்த மரங்களை நம் பாட்டன்பாட்டிமார் சீவினார்கள். இந்த ஆட்டத்துக்குள் போக நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: நல்ல அடி எண்ணிக்கையில் கூடுவதால் மட்டும் நாம் தேறுவதில்லை, கெட்ட அடி சிறுத்துப்போவதால்தான் தேறுகிறோம். பெரும்பாலான மைதானங்களில் 18 குழிக்கு 72 அடி என்பது பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கான கணக்கு. நம்மைப் போன்றவர்கள் நூறைத் தொட்டோ தாண்டியோ ஆடுகிறோம். அந்த உபரி அடிகள் எங்கே போகின்றன என்று ஒரு குழியை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

360 மீட்டர், பார் 4. ஒருவர் மிக நீண்ட மட்டையான டிரைவரை எடுத்து முழு பலத்தோடு வீசுகிறார். பந்து வலப்பக்கம் வளைந்து எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அடி ஒன்று, தண்டனை ஒன்று, அதே இடத்திலிருந்து அடிப்பது மூன்றாவது. அது மரத்தடிக்குப் போகிறது. நான்காவதை இரண்டு மரத்துக்கு நடுவே விடப் பார்க்கிறார், பந்து மரத்தில் பட்டுத் திரும்புகிறது. ஐந்தாவதில் வெளியே வருகிறார், ஆறாவதில் குழி இருக்கும் கிரீன், அங்கே உருட்டி அடிக்கும் பட் மூன்று. மொத்தம் ஒன்பது. இன்னொருவர் அதே குழியில் ஃபைவ் வுட்டால் 150 மீட்டர் தட்டுகிறார், அடுத்தது 140 மீட்டர். மீதி 70 மீட்டரை வெட்ஜால் கிரீனுக்குத் தூக்கிப் போட்டு, இரண்டு பட்டில் முடிக்கிறார். மொத்தம் ஐந்து. இரண்டாமவர் அடித்ததில் யாரும் கை தட்டுகிற அடி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நான்கு அடி மிச்சம்.

அந்த வலப்பக்க வளைவுக்குப் பெயர் ஸ்லைஸ். வலக்கைக்காரர்களில் தொடக்க ஆட்டக்காரர் பெரும்பாலோருக்கு இந்த நோய் உண்டு. பலர் பந்தை இன்னும் இடப்பக்கம் குறிபார்த்து அடித்துச் சமாளிக்கிறார்கள். அதனால் வளைவு கூடுமே தவிரக் குறையாது. காரணம் இதுதான்: பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம் பார்க்கிற திசை. மட்டை வந்த பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவைக் கொடுக்கிறது. பாதை இடப்பக்கம் போக, முகம் அதைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் சுழன்றுகொண்டே போகும். இடப்பக்கம் குறிபார்க்கப் பார்க்க இந்த வித்தியாசம் அகலமாகிறது. முதலில் பிடியைப் பாருங்கள். பந்தின் முன் நின்று குனிந்து பார்த்தால் உங்கள் இடக்கையின் விரல் முட்டிகள் இரண்டாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். முகம் மூடிவரும். கூடவே, முகம் அதிகம் சாய்ந்த மட்டையை எடுங்கள். சாய்வு கூடினால் பந்தின் பின்சுழற்சி கூடும், பக்கவாட்டு வளைவு குறையும். டிரைவரில் காட்டுக்குள் போகிற பந்து ஃபைவ் வுட்டில் ஃபேர்வே என்ற வெட்டிய புல்வெளியின் ஓரத்திலாவது நிற்பது இதனால்தான்.

பிடியின் இறுக்கம் அடுத்தது. மரம் சீவுகிறவர் கத்தியைப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுக் காயமாகிவிடும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. மெல்லிய சீவலாகப் பட்டை கழன்று வர வேண்டும், அதற்குக் கை தளர்ந்தும் உறுதியாகவும் இருக்க வேண்டும். என் அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் அப்படிச் சீவியவர். மட்டைக்கும் அதே கைதான் தேவை. முன்கை இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், முகம் திறந்தபடியே வந்து பந்தில் படும்.

நம் ஊர்ப் புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் இது இருக்காது. இங்கே பல மைதானங்களின் ஃபேர்வேயில் இருப்பது அகல இலை கொண்ட மாட்டுப்புல். பந்து அதன்மேல் உட்காராது, இலைகளுக்குள் அமிழும். மதியம் மழை பெய்த மறுநாள் காலையில் அடியில் மண்ணும் சொதசொதவென்றிருக்கும். பந்துக்கு ஒரு விரல்கடை முன்னால் மட்டை மண்ணில் பட்டாலும் போச்சு, பந்து பத்து மீட்டர் உருளும். எனவே கிரீனுக்குப் பக்கத்தில் சிப் என்ற குட்டை அடி அடிக்கும்போது எடையை முன்காலில் வைத்து, பந்தைப் பின்காலுக்குச் சற்று நெருக்கமாக வைத்து, மட்டை பந்தில் பட்ட பிறகே புல்லைத் தொடும்படி அடியுங்கள். பந்து புல்லில் அமிழாமல் சுத்தமாகக் கிடந்தால் வெட்ஜே வேண்டாம். எய்ட் அயர்னால் பட் அடிப்பதுபோல் தட்டி உருட்டிவிடுங்கள். பந்து ஆகாயத்தில் இருக்கும் நேரம் குறைந்தால் தப்பும் குறையும்.

கிரீனில் பெர்முடா வகைப் புல் என்றால் அது படுத்திருக்கும் திசை முக்கியம். பந்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். புல் பளபளவென்று தெரிந்தால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் பலமாக அடிக்க வேண்டும். இன்னும் சந்தேகமா, குழியின் விளிம்பைப் பாருங்கள். ஒருபக்கம் புல் பிய்ந்து பிசிறாக இருக்கும், அந்தப் பக்கம்தான் புல் வளர்ந்து போகிறது. பல வருடம் அதே மைதானத்தில் நடக்கிற கேடி அண்ணன் ஒருவர் கூட இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். மலையடிவார மைதானங்களில் கண் ஏமாற்றும், அவர் ஏமாறமாட்டார்.

பட்டிங்கில் நம்மை நாமே வருத்திக்கொள்வது வீண். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்திலிருந்து இரண்டுக்கு ஒன்றுதான் குழியில் போடுகிறார்கள். தொண்ணூறு அடியில் சுற்றை முடிக்கிறவருக்கு அந்தப் பாதிக்குப் பாதி தூரம் 5 அடி. இந்தக் கணக்கைத் தந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, 2014இல் புத்தகமாகவே எழுதினார். எனவே தூரத்துப் பட்டைக் குழியில் போடப் பார்க்காமல், குழிக்கு மூன்றடிக்குள் நிறுத்தப் பழகுங்கள். மூன்றாவது பட் தானாக மறையும்.

அதே பிராடி இன்னொன்றும் சொல்கிறார். கிரீனைச் சுற்றிய ஆட்டம்தான் எல்லாம் என்று கிளப்புகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் தொழில்முறைக்காரருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது என்பது அவர் கணக்கு. தூரமும் அதில் சேர்த்தி. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் தூரத்தைத் தேடி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். நீண்ட அடியில் நாம் இழப்பதில் பெரும்பகுதி எல்லை தாண்டிய பந்து, குளத்தில் விழுந்த பந்து, மட்டை உச்சியில் பட்டுத் தரையோடு ஓடிய பந்து. இவை குறைந்தாலே போதும். பத்து காஜாவில் கிளியர்வாட்டர் மைதானத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். பழைய ஈய லம்பத்து நிலம், எங்கு பார்த்தாலும் நீர். 1999இல் டைகர் வுட்ஸும் மார்க் ஓமேராவும் அமெரிக்காவுக்கு உலகக் கோப்பை வென்ற, கோலாலம்பூருக்கு அருகிலுள்ள மைன்ஸ் மைதானமும் இப்படி லம்பத்தில் எழுந்ததுதான். தண்ணீருக்கு அப்பால் கொடி இருந்தால் கொடியை மறந்து கிரீனின் அகலமான பக்கத்துக்கு அடியுங்கள்.

சந்தோஷத்துக்கு வருவோம். வேறெந்த ஆட்டத்தில் எழுபது வயது அத்தை முப்பது வயது மருமகனோடு சமமாக மோத முடியும்? ஹேண்டிகேப் அதற்குத்தான் இருக்கிறது. 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை: கடைசி 20 சுற்றில் சிறந்த 8ஐ எடுத்துச் சராசரி. உச்ச வரம்பு 54. அதாவது குழிக்கு மூன்று அடி சலுகையோடு தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளப்பில் சேர்ந்ததும் ஹேண்டிகேப் எடுத்துக்கொள்ளுங்கள், போட்ட அடியை அப்படியே எழுதுங்கள். கூடவே ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடுங்கள். உங்கள் சலுகையைக் கழித்தபின் பார் என்றால் 2 புள்ளி, ஒரு அடி கூடினால் 1, குறைந்தால் 3. மேலே சொன்ன அந்த ஒன்பது அடிக் குழிக்குச் சுழியம், அவ்வளவே. பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். 36 புள்ளி வந்தால் உங்கள் அளவுக்கு ஆடியிருக்கிறீர்கள். ஒரு கெட்ட குழி காலைப் பொழுதையே கெடுக்காமல் காப்பாற்றுகிற இந்த முறையைத்தான் புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன்.

காலை ஏழரைக்குள் ஆடத் தொடங்கிவிடுங்கள். பத்து மணி வெயிலில் கவனம் சிதறும், தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடியுங்கள். பசியாறாமல் போகாதீர்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்த யார் அனுமதியும் வேண்டாம், மின்னலுக்குப் பயந்து நிறுத்துவதை விதியே ஒத்துக்கொள்கிறது. மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பொறுங்கள்.

செலவைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் நிறைய. விதி அனுமதிப்பது 14 மட்டை, தொடக்கத்துக்கு ஏழு போதும், அதுவும் பழையதே போதும். ஒரு வுட், மூன்று அயர்ன், இரண்டு வெட்ஜ், ஒரு பட்டர். மிச்சமாகும் காசில் சான்றுபெற்ற பயிற்றுநரிடம் நாலைந்து வகுப்பு போங்கள். பிடியையும் நிற்கும் நிலையையும் அவர் நேரில் பார்த்துத் திருத்துவது ஆயிரம் காணொளிக்குச் சமம். பயிற்சி ரேஞ்சில் ஒரு வாளிப் பந்தில் பாதியை நூறு மீட்டருக்குள் அடியுங்கள். மீதிப் பாதியில் நேராகப் போகிற ஒரே மட்டையை மட்டும் பழகுங்கள். மைதானத்துக்கு வார நாளில் போனால் கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு.

நம் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எம். ராமையா, பி. குணசேகரன் என்று மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் தமிழ்ப் பெயர்கள் உண்டு. கொல்கத்தாவில் மைதானப் பராமரிப்புத் தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, அதே மைதானத்தில் பார்த்துப் பார்த்தே கற்று, 2016இலும் 2017இலும் இந்திய ஓபனை வென்றார். தொலைதூரம் அடிப்பவராக அவர் பெயர் வாங்கவில்லை, கிரீனைச் சுற்றிய கைத்திறனுக்குத்தான் புகழ். இங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்துக் குடும்பங்கள் ஊர் ஓரத்துத் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டன. அந்தத் தாமான்களில் ராயல் பேராக், மேரு வேலி மைதானங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒருமுறைகூட மட்டையைத் தொடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் பழைய செட் ஒன்று கிடந்தால் அதன் மட்டைகளைச் சிறிதாக வெட்டிப் பிடி மாற்றிக் கொடுங்கள், கடையில் செய்து தருவார்கள். வரும் பள்ளி விடுமுறையில் அப்படி ஒரு பிள்ளையையாவது ரேஞ்சுக்குக் கூட்டிப்போங்கள்.