மொட்டை மாடிக்கு எத்தனை பாயின்ட்?

"மாடிக்கு எத்தனை பாயின்ட் சார்?"

போன சித்திரையில் மச்சான் வீட்டுக்கு வயரிங் நடந்தபோது எலக்ட்ரீஷியன் கேட்டார். மச்சான் யோசிக்கவே இல்லை. "நாலு மூலைக்கும் நாலு போடுங்க." கூலி பாயின்ட் கணக்கு என்பதால் அவரும் மறுக்கவில்லை. பென்சிலால் சுவரில் நாலு பெருக்கல் குறி விழுந்தது.

எனக்குத் தாத்தா வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீடு அது. வாசல் நிலைக்கு இரண்டு பக்கமும் சுவரில் மாடக்குழி, அதன் நெற்றியில் வருஷக்கணக்கில் படிந்த புகைக்கரி. அந்தி சாய்ந்ததும் அங்கே அகல் ஏறும். அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்க முடியாது. வீட்டில் ஆள் இருக்கிறது, இதுதான் வாசற்படி என்று தெருவுக்குத் தெரிந்தால் போதும், அதற்குத்தான் அகல்.

படிக்க, கணக்கெழுத, அரிசியில் கல் பொறுக்க அரிக்கேன் வரும். பாட்டி பகலிலேயே அதைத் தயார் செய்துவிடுவாள். கண்ணாடிச் சிம்னியைக் கழற்றி, சாம்பல் தொட்டுப் பழைய வேட்டித் துணியால் உள்ளே விரல் விட்டுத் துடைப்பாள். திரியை நேராகக் கத்தரிப்பாள். கோணலாக விட்டால் ஒரு பக்கம் மட்டும் சுடர் ஏறி, சிம்னி கறுத்துவிடும். ராத்திரி தாத்தா கணக்கு நோட்டைத் திறந்தால் அரிக்கேன் அவர் முழங்காலருகே உட்காரும். எழுந்து கொல்லைக்குப் போனால் கூடவே போகும். சின்னச் சுடர்தான், ஆனால் தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்காகும் என்ற கணக்கு படிக்காமலே அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது.

கல்யாணம், காட்சி என்றால் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு வரும். அதன் மேண்டில் எவ்வளவு நொய்ந்த சமாச்சாரம் என்று 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தைப் பார்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கரன்ட் வந்ததும் திண்ணைக்கு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று கிடைத்தது. ஆள் வந்தால் போடுவார்கள், போனால் அணைப்பார்கள். பிறகு டியூப் லைட். அது எரிவதற்குள் நாலு தரம் மினுக்கும். ஸ்டூல் போட்டு ஸ்டார்ட்டரைத் திருகிவிடுவது எங்கள் வேலை. மழைக்கு மறுநாள் ஈசல் மொய்த்தால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிடுவோம். பல்லிக்குத்தான் நஷ்டம்.

எல்இடி வந்தபின் கதை மாறியது. நீல ஒளி தரும் எல்இடியைச் செய்துகாட்டியதற்காக 2014இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. கடையில் விற்கும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சுப் பூசியதுதான். அறுபது வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை ஒன்பது வாட்ஸ் எல்இடி தந்துவிடுகிறது. பில் பயம் போயிற்று. கூடவே அளவும் போயிற்று என்பது என் கட்சி.

மச்சான் மாட்டியது இருபது வாட்ஸ் ஃபிளட் லைட் நாலு. பழைய அறுபது வாட்ஸ் பல்பு ஏறக்குறைய பத்தை ஒன்றாக எரியவிட்ட வெளிச்சம். அதுவும் 6500 கெல்வின், ஆஸ்பத்திரி வெள்ளை. ஆவணியில் கிரகப்பிரவேசத்தன்று ராத்திரி எல்லாரும் மாடிக்குப் போனோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் அடித்தது. அத்தை முதலில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு நகர்ந்தார். பத்து நிமிஷத்தில் அத்தனை பேரும் தொட்டிக்குப் பின்னால் இருந்தோம். எதிர் வீட்டில் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். நீலம் தூக்கலான வெளிச்சத்துக்குப் பூச்சிகளும் அதிகம் வரும், பாயசத்தில் விழுந்தன.

ஐப்பசி மழையில் ஒரு விளக்குக்குள் தண்ணீர் இறங்கி, டிரிப்பர் விழுந்து, வீடே இருண்டது. பார்த்தால், அது உள்ளறைக்கான விளக்கு. வெளியே மாட்டுவதென்றால் பெட்டியில் ஐபி65 என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். தூசி புகாது, தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும்.

தை மாதம் மாற்றினோம். படி ஏறும் இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே, தரையைப் பார்த்து, மூன்று வாட்ஸ் ஒன்று. உட்காருமிடத்தில் மூடி போட்ட சுவர் விளக்கு ஒன்று, 2700 கெல்வின், குண்டு பல்பின் அதே மஞ்சள். துவைக்கும் கல்லுக்கு மட்டும் ஐபி65 ஃபிளட் லைட் ஒன்று, தனி சுவிட்ச். படிக்கட்டு விளக்குக்கு மேலேயும் கீழேயும் டூவே சுவிட்ச். நான் சண்டை போட்டு வாங்கியது அது ஒன்றுதான். இப்போது பௌர்ணமிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நிலாச்சோறு சாப்பிடுகிறார்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அதற்குள் சோறு தீர்ந்துவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் எலக்ட்ரீஷியன் பென்சிலோடு நிற்கிறாரா? நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுங்கள். ராத்திரி ஒரு பாயும் டார்ச்சுமாக மாடிக்குப் போய், டார்ச்சை அணைத்துவிட்டு உட்காருங்கள். எங்கே கால் தடுக்குகிறதோ அங்கே முதல் பாயின்ட்.